கேஜ் போட்ட ஸ்வெட்டர்

"கேஜ் வேணுமாம்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, நான் இன்னும் செருப்புகூடக் கழற்றவில்லை. போனை வைத்துவிட்டு உங்கள் அம்மா இப்படிக் கத்தினாள். பேசியது பெங்களூரில் துணிக்கடை வைத்திருக்கும் பிரியா மேடம். கிறிஸ்துமஸுக்குக் கையால் பின்னிய ஸ்வெட்டர் விற்கப்போகிறாராம். முதலில் ஒரு கேஜ் பின்னிக் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் சீசன் முழுக்க ஆர்டர் நமக்கு.

பெனிட்டா, ஜோயல், அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு பெரிதென்று கேளுங்கள். அப்போது எனக்கு பெங்களூர் குடோன் ஒன்றில் பேக்கிங் வேலை. நீங்கள் கண் விழிக்கும் முன் ரயில் ஏறிவிடுவேன். ஆர்டர் கிடைத்தால் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே அம்மாவோடு உட்கார்ந்து பின்னலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

1. ரயிலில் படித்த படிப்பு

பின்னல் எனக்கு உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு உல்லன் நூலை உருண்டை சுற்றிக் கொடுப்பேன். சும்மா சுற்றுவானேன் என்று ஊசியையும் வாங்கிக்கொண்டேன். பிறகு ரயிலிலும் பின்ன ஆரம்பித்தேன். முதல் நாள் பெட்டியே சிரித்தது.

"இன்னா மாமா, வீட்ல விசேஷமா? எத்தினியாவது மாசம்?" என்றான் ஒரு பையன்.

"உனக்குத்தாண்டா குல்லா. தல சைஸ் சொல்லு, நூல் பத்துமான்னு பாக்கறேன்" என்றேன். அடுத்த வாரம் அவனே குல்லா கேட்டு வந்தான்.

எந்த சீசனுக்கு எந்தப் பின்னல் என்பதை நான் அந்தப் பெட்டியில்தான் கற்றேன். என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

ஸ்கூல் திறக்கும் மழைக்காலத்தில் முறுக்குக் கயிறு மாதிரி வரும் கேபிள் பின்னல் கூடவே கூடாது. பார்க்க அழகு, நனைந்தால் காயாது. பிளெயின் பின்னல் போதும். குளிர்காலத்தில் ரயில் ஏறும் பெண்களுக்கு முன்னால் பட்டன் வைத்ததுதான் சரி. பங்காரப்பேட்டையில் ஏறும்போது நடுங்குவார்கள், ஒயிட்பீல்டு வந்தால் கூட்டத்தில் வியர்க்கும். தலை வழியாகக் கழற்றினால் வைத்த பூ என்ன ஆவது? பைக் ஓட்டுபவர்களின் மப்ளருக்கு, கோடு கோடாக வந்து இழுத்தால் நீளும் ரிப் பின்னல். நுனியில் குஞ்சம் வேண்டாம், காற்றில் கண்ணிலேயே அடிக்கும்.

கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். எங்கே பார்த்தாலும் கொம்பு மான், பனிக்கட்டி. நம் ஊரில் யார் வீட்டு வாசலில் அந்த மான் வந்து நின்றது?

2. கேஜ்

"இன்னா கேஜ் கேட்டாங்க? சரியா கேட்டியா?" என்றேன்.

"நம்ம ஊரு கேஜ்தாங்க. வேற இன்னா கேஜ் கீது? நாம கோலார் தங்கவயல் ஆளுன்னு தெரிஞ்சிதான கேக்கறாங்க."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு நம் ஊரில் கேஜ் என்று பெயர். மானை விட்டுவிட்டு நம் கேஜைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே குஷி. பெனிட்டாவின் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்தேன்.

பக்கத்து வீட்டு அந்தோணி மாமா எட்டிப் பார்த்தார். நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர்.

"இன்னாப்பா இது, கிளிக் கூண்டா?"

"கேஜ் மாமா."

"ரோப் இல்லாம கேஜ் எப்டி தொங்கும்? அந்தரத்துலயா? மேல சக்கரம் எங்க? ஆளும் இல்ல. காலி கேஜ இன்னாத்துக்கு எறக்கற?"

படத்தில் அதையெல்லாம் சேர்த்து, கருநீல உல்லனில் பின்ன உட்கார்ந்தோம். சக்கரம் வந்தது. ஊசியில் விழும் ஒற்றைக் கண்ணி அகலத்தில் ரோப் வந்தது. கூண்டுக்குள் நாலு ஆட்கள். அம்மா ஒவ்வொரு தலையிலும் ஒரு மஞ்சள் கண்ணி வைத்தாள். கருநீலத்தில் நாலு லேம்ப் பளிச்சென்று எரிந்தது! மாமா அதைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டாவதா நிக்கறது நான்" என்றார்.

3. மேடத்தின் மேஜை

வேலைக்குப் போகும் வழியில் கடைக்குப் போனேன். பிரியா மேடம் நாங்கள் பின்னிய துண்டை விரித்தார். பார்த்தார், திருப்பினார், மறுபடி பார்த்தார்.

"அண்ணா, இது என்ன?"

"நீங்க கேட்ட கேஜ் மேடம்."

"ஐயோ! கேஜ்னா நாலு இஞ்ச்ல எத்தனை கண்ணி வருதுன்னு பாக்கறதுக்கு ஒரு சின்ன பிளெயின் பீஸ் அண்ணா!"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அதுக்கு நாங்க டென்ஷன்னு சொல்வோம் மேடம். என் சம்சாரம் கான்வென்ட்ல அப்டித்தான் கத்துக்கினா."

"டென்ஷனா? எனக்குத்தான் இப்ப டென்ஷன்! மான் டிசைன் எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்."

ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். மேடம் டேப்பை எடுத்துக் கேஜுக்குப் பக்கத்தில் பிளெயினாக இருந்த இடத்தை அளந்தார். "கண்ணி கரெக்ட்டா இருக்கு" என்றார். ஆனால் டேப்பை வைக்கவில்லை. கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மஞ்சள் என்ன?"

"தலைல லேம்ப் மேடம். கீழ எறங்கறாங்க."

"மான விடுங்க. இதையே போடலாம். பெரியவங்களுக்கு, குழந்தைங்களுக்கு, எல்லா சைஸும்."

அப்போதே தலையாட்டியிருக்கலாம். ஆனால் நிறம் மாற்றிப் பின்னும்போது உள்பக்கம் நூல் குறுக்கே ஓடும். சின்னக் குழந்தையின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். ஜோயல், உன் முதல் ஸ்வெட்டரில் நீ மாட்டிக்கொண்டு அழுதது எனக்கு ஞாபகம் வந்தது.

"குழந்தைங்க சைஸுக்கு இப்டி வேணாம் மேடம். பிளெயினா பின்னிட்டு மேல கேஜ ஊசியால தெச்சி எடுக்கலாம். டைம் ஜாஸ்தி ஆவும். பரவால்லன்னா சொல்லுங்க."

மேடம் யோசித்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"குழந்தைங்களுது கொஞ்சம் லேட்டா குடுங்க. பரவாயில்லை" என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஸ்டெல்லா, கேஜ் எறங்கிடுச்சி!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். ஒரு வார்த்தை புரியாவிட்டால் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கேட்ட பிறகும், உங்களுக்கு முதலில் தோன்றியதைக் கிழித்துப் போடாதீர்கள். அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

குடோன் வேலையை விட்ட மறுநாள் காலை, ஜோயல், நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாய். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாய்.

"அப்பா, இன்னிக்கி லீவா?"

"இல்லப்பா. ஷிப்ட் ஆரம்பிச்சாச்சி" என்று ஊசியைக் காட்டினேன். நீ வந்து மடியில் ஏறினாய். அந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனது. அதை நான் பிரிக்கவில்லை.