ஹார்ட்வெல் எங்கே இருக்கிறது?

போன புதன்கிழமை மதியம். நான் வேலை பார்க்கும் வானொலியில் நேயர் விருப்ப நேரம். வெளியே மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அவசர அறிவிப்பு ஒன்று வந்தது... ஹார்ட்வெல் பிரிவுக்கு மண்சரிவு அபாயம், மக்கள் உடனே வெளியேற வேண்டும்.

எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். மலையுச்சியில் நிற்கும் எங்கள் டவர் அதைப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்கள் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சேர்த்தால் போதுமா?

அடுத்த அழைப்பு லெச்சுமி அக்கா. நரிப்பாறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், வாரம் தவறாமல் பாட்டு கேட்பவர். “பாவம் தங்கச்சி, அந்த ஹார்ட்வெல் சனங்க. அவங்களுக்காக ஒரு சாமி பாட்டு போடுங்க” என்றார்.

ஹார்ட்வெல் என்பது வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர். தோட்டத்து ஆபீசைத் தாண்டி அதை யாரும் சொல்வதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்ததால் எனக்குத் தெரியும்.

“அக்கா, அது உங்க நரிப்பாறைதான். அடுப்ப அணைச்சிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க.”

“எங்க லயத்தையா சொன்னீங்க?”

பாட்டை நிறுத்தினேன். நரிப்பாறை மேல் லயம், கீழ் லயம், கோயிலடி என்று தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கிளம்பச் சொன்னேன். மேனேஜர் ஓடி வந்தார். வந்த அறிவிப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்றார். மாற்றவில்லை சார், அதை வாசித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டால் என்றார். என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். மனுஷன் முறைத்தார்... பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார். பொழுது சாயும்வரை பாட்டுக்குப் பாட்டு அதையே சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

சாயந்திரம் லெச்சுமி அக்கா ஸ்கூலிலிருந்து பேசினார். மேல் லயத்தின் பின்சுவரை மண் தள்ளிவிட்டதாம். உள்ளே யாரும் இல்லை. ஸ்டூடியோவிலேயே அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இனி என் நேரத்தில் எந்த எச்சரிக்கை வந்தாலும் இரண்டு பெயரையும் சொல்லித்தான் வாசிப்பேன். யார் முறைத்தாலும் சரி.

அறிவிப்பு எழுதும் ஐயாமாரே — ஆபத்து வரும்போதாவது எங்களை எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.