குளிர் தேடிய ஈக்கள்

பழ ஈ வளர்க்கும் வேலையில் சனி ஞாயிறு கிடையாது. ஈக்குப் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும், நமக்குத்தான் முடியவே முடியாது. ஆய்வகத்தில் எதையாவது வளர்த்துப் பறிகொடுத்தவர்களுக்கு, பினாங்கில் நான் பட்ட மூன்று வருடப் பாடு புரியும்.

அலுமினியத் தட்டு

நீளமான ஒரு தட்டு. ஒரு முனை குளிர், மறுமுனை சூடு. சாதாரண ஈக்களை விட்டால் நடுவில், இருபத்தைந்து டிகிரி பக்கம் போய் நின்றுகொள்ளும். ஒரு மரபணு மாறிய எங்கள் ஈக்களோ நேராகக் குளிர்ப்பக்கம் நடந்தன. அவற்றின் உடம்பு உள்ளே வேகமாக எரிகிறது. நிறையத் தின்றும் கொழுப்பு சேர்வதில்லை. அதனால்தான் குளிரைத் தேடுகின்றன என்பது எங்கள் ஊகம். அதை நிரூபித்தால் எனக்கு முனைவர் பட்டம்.

முதல் தடவை அவை நடந்த அன்று, ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குத் தைராய்டு அதிகம். எவ்வளவு சாப்பிட்டாலும் இளைத்துக்கொண்டே போவார், எந்நேரமும் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருப்பார். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனக்கு இருக்கறது உனக்கும் வருமா?"

ஆயர் ஈத்தாம் வாழைப்பழம்

ஈக்களின் தீனிக்குக் கனிந்த வாழைப்பழம் வேண்டும். ஆயர் ஈத்தாம் பசாரில் வாங்கி வந்து நானே மசிப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்தில் தோலைக் குப்பைக் கூடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். திங்கட்கிழமை அறைக்குள் சில ஈக்கள் பறந்தன. எங்கள் குப்பிகளிலிருந்து தப்பியவை என்று நினைத்துக்கொண்டேன்.

அவை பழத்தோடு வந்த பசார் ஈக்கள். குப்பி மாற்றும்போது உள்ளே நுழைந்து எங்கள் ஈக்களோடு கலந்துவிட்டன. சில மாதம் கழித்து, தட்டில் விட்ட ஈக்களில் பாதி நடுவிலேயே நின்றபோதுதான் சந்தேகம் வந்தது. மரபணுவைச் சோதித்ததில் நாற்பது குப்பியில் ஆறுதான் சுத்தம். அந்தச் சில மாதங்களில் எடுத்த அளவுகள் எல்லாம் வீண். செய்தது நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். இருபது வருடமாக அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் சுசிலா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். திட்டவில்லை. "அழுது முடிச்சிட்டு கை கழுவிட்டு வா பிள்ளை. ஆறு குப்பிக்குச் சாப்பாடு மாத்தணும்" என்றார்.

ஹரி ராயா விடுமுறை

ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவைச் சோதித்துச் சோதித்து, ஆறு குப்பியை மறுபடி அறுபதாக்க ஒரு வருடம் ஆனது; அதுவரை தட்டில் ஒரு ஈயைக்கூட விடவில்லை. எல்லாம் இன்குபேட்டரில் இருந்தன; குளிராக்குவதும் சூடாக்குவதும் சேர்ந்தே ஓடி உள்ளே இருபது டிகிரியில் நிறுத்தும் அலமாரி அது. நோன்புப் பெருநாளுக்கு நீண்ட விடுமுறை வந்தது. முதல் இரண்டு நாள் நான் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. உள்ளே முப்பத்தொன்பது டிகிரி. அறுபது குப்பியிலும் ஒன்றுகூட உயிரோடில்லை. கதவு ரப்பர் விரிசல் விட்ட ஒரு மூலையில் மட்டும் வெளிக்காற்று கொஞ்சம் வந்திருக்கிறது. அதன் அருகில் இருந்த குப்பிகளில், எல்லா ஈக்களும் அந்தப் பக்கச் சுவரிலேயே ஒட்டிச் செத்திருந்தன. அவ்வளவு தெளிவான முடிவு எனக்குத் தட்டில்கூடக் கிடைத்ததில்லை. கணக்கில் சேர்க்க முடியாத முடிவு.

இன்குபேட்டரைப் பழுதுபார்க்க வந்த முருகேசன் அண்ணன் பின்பக்கத்தைக் கழற்றி வெகுநேரம் பார்த்தார். குப்பிகளையும் பார்த்தார். "குளிராக்கறது மட்டும்தான் போச்சு தங்கச்சி. சூடாக்கறது நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

பேராசிரியர் அறை

அதே வகை ஈக்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்கப் போனேன். அனுமதி கிடைத்து, ஈக்கள் வந்து, பெருகுவதற்குள் ஆய்வுக் காலம் முடிந்துவிடும் என்று பேராசிரியர் விளக்கினார். நான் கொண்டுபோயிருந்த வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கலப்புக்கு முன் எடுத்தவை மட்டும் தேறின. அவற்றைத் திரும்பச் செய்துகாட்ட ஈ இல்லை. தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

"உன் ஊகம் சரியாகவே இருந்திருக்கலாம்மா. இனி அதை வேற யாராவதுதான் சொல்லணும்."

ஆக, மூன்று வருடத்தில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: ஈக்கு எந்தச் சூடு பிடிக்கும் என்பதை அதன் மரபணு தீர்மானிக்கிறது, எந்தச் சூட்டில் அது சாகும் என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம்.