பலாப் பலகையில் ஒரு விதை அலமாரி

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டினேன். முதலில் வெந்நீர், பிறகு காபி, அதன் பிறகு கோழிக்கூட்டைத் திறந்துவிடுவது. இந்த வரிசை மாறினால் அன்று முழுக்க எதையோ மறந்துவிட்டது போலவே இருக்கும். வெயில் வாசலுக்கு வந்ததும் தார்ப்பாயில் மிளகைப் பரப்பினேன். காய்ந்தது ஒரு பக்கம், முந்தின நாள் பறித்தது ஒரு பக்கம், இரண்டும் கலக்காமல் நடுவில் ஒரு மூங்கில் கழி. காலால் ஒருமுறை கிளறிவிட்டு, கை கழுவிக்கொண்டு அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். கடைசி இழுப்பறை ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் சேந்தமங்கலத்திலிருந்து நாத்தனார் வண்டியோடு வருகிறாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அலமாரி செய்ததுபோக நிறையப் பலகை மிச்சம் இருந்தது. அதை வைத்துச் சமையலறைச் சுவர் முழுக்கத் தட்டு அடிக்க வேண்டும் என்பது என் ஆசை. நாத்தனாரோ மலைக்குக் கீழே புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதும் என் வீட்டுக்காரர் யோசிக்காமல் "எடுத்துக்க சாமி" என்று போனிலேயே சொல்லிவிட்டார். நான் போனைப் பிடுங்கிச் சண்டை போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னாள்.

"அண்ணி, உங்க பொட்டி ஆடாம நின்னு, டிராயரு எல்லாம் தொறந்து மூடுச்சுன்னா பலகை உங்களுக்கு. இல்லீன்னா வண்டில ஏத்திட்டுப் போயிருவேன். எங்கூட்டு ஆசாரி அதுல பரண் அடிச்சுத் தந்துருவாரு."

சரி என்றேன்.

அந்தப் பலகைகள் எங்கள் மேட்டுக்காட்டு ஓரத்தில் நின்ற பலா. காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அங்கே லாரி போகாது. அடிமரத்தை உருட்டி ஏற்றவும் ஆள் போதாது. அனுமதி வாங்கிய பிறகு, விழுந்த இடத்திலேயே அறுத்துப் பலகையாகச் சுமந்து வருவது என்று முடிவு செய்தோம். செயின் ரம்பத்தை அவர் பிடித்தார். மரத்தின் மேல் இரண்டு சட்டத்தைத் தண்டவாளம் போல ஆணியடித்து, அதன்மேல் ரம்பத்தை நகர்த்தினோம். நான் முன்னால் போய்க் கோடு பார்த்து, அறுத்த இடுக்கில் ஆப்பு வைத்துக்கொண்டே வந்தேன். முதல் பலகை ஒரு முனையில் செங்கல் கனம், மறுமுனையில் அப்பளக் கனம். பிறகு கை பழகியது. பலாத்தூள் நல்ல மஞ்சள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் வேட்டி, என் புடவை, இருவர் புருவம் எல்லாம் மஞ்சள். வழியில் பார்த்த ஒருவர், "ஏனுங்க, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

பலகைகளை நடுவில் சிறு குச்சிகள் வைத்துக் கொட்டகையில் அடுக்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் காயவிட்டு, மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டேன். பிறகுதான் இழைப்புளியைத் தொட்டேன்.

நான் செய்தது விதை அலமாரி. மூன்று வரிசையாக ஒன்பது இழுப்பறை: ராகி, சாமை, தினை, அவரை, மொச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதுவரை எங்கள் விதைகள் பெயிண்ட் வாளியிலும் பிஸ்கட் டப்பாவிலும் கிடந்தன. எங்கள் பக்கத்தில் விதையோடு அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கலந்து வைப்போம், வண்டு அண்டாது. ஆனால் எலி அண்டும், எறும்பு அண்டும். அதனால் இடுக்கே இல்லாமல் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். முதுகுப் பலகை, பக்கப் பலகை எல்லாம் ஒன்றோடொன்று கவ்வும்படி வைத்தேன். ஒரு நூல் இடைவெளி, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இருந்தாலும் அந்த இழுப்பறையைக் கழற்றி மறுபடி செய்தேன். ஓரங்களில் தேன்மெழுகு தேய்த்தேன். பதினொரு மணிக்குக் கடைசி இழுப்பறை வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. எல்லாவற்றிலும் விதையைச் சாம்பலோடு கொட்டி, அரைகுறையாகத் தள்ளிவிட்டுச் சமையலுக்கு ஓடினேன்.

நாத்தனார் வந்தாள். சாப்பிட்ட கையோடு, அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அண்ணனும் தங்கையுமாகப் பலகையை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள்.

"இன்னும் பாக்கவே இல்லியே கண்ணு?" என்றேன்.

"பாத்துட்டு ஏத்துனா என்ன, ஏத்திட்டுப் பாத்தா என்னங்க அண்ணி? வேணும்னா எறக்கிக்கலாம்."

மூவரும் அலமாரி முன் நின்றோம். அவள் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. மேல் வரிசையில் ராகி இழுப்பறையை இழுத்தாள், வந்தது. தள்ளினாள், போனது. அது போன அதே நேரத்தில் கீழே மொச்சை இழுப்பறை தானாக வெளியே வந்தது.

நான் மொச்சையைத் தள்ளினேன். சாமை வந்தது. சாமையைத் தள்ளினேன். தினையும் அவரையும் சேர்ந்து வந்தன.

"அம்மிணி, உள்ள யாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எலிக்கு வழி இல்லாமல் அடைத்தபோது காற்றுக்கும் வழியை அடைத்திருக்கிறேன். ஒன்றைத் தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று போக இடமில்லாமல் இன்னொன்றைத் தள்ளுகிறது. ஒன்பதும் ஒரே நேரத்தில் மூடாது. பேசிய பேச்சுப்படி நான் தோற்றுவிட்டேன். பலகை வண்டியில் கட்டியபடி நிற்கிறது.

இதைச் சொல்வதற்குள் அவர், "நகருங்க, ஆம்பள கை வெக்கோணும்" என்று அவரை விதை இழுப்பறைக்கு நேரே குந்தி அதைத் தள்ளி மூடினார்; மேலே ராகி வந்தது. உட்கார்ந்தபடியே அதை இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினார். அவரை இழுப்பறை பாய்ந்து வந்தது. அதற்கு முன்னால் சாம்பல் வந்தது. புஸ்ஸென்று ஒரே மூச்சு. புகை அடங்கியபோது முகம் முழுக்க வெள்ளையாக, கண் இரண்டு மட்டும் கறுப்பாக, மீசையில் ஒரு அவரை விதையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ அண்ணா! மலையேறி வந்த சாமியாரு மாரியே இருக்கீங்க! துண்ணூறு குடுங்க சாமி!" என்று நாத்தனார் கையை நீட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அவர் தும்மினார். தும்மலுக்கு ஒரு இழுப்பறை திறந்ததாக நாத்தனார் இன்றுவரை சாதிக்கிறாள், நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு எங்கள் மூவருக்கும் வயது மறந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்கொண்டோம். யார் தள்ளினால் யாருடையது திறக்கிறது என்று பந்தயம். நான் பெருக்கி வைத்த தரையில் முழங்காலில் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் தினையையும் சாமையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னுது வராது, என்னுது வராது" என்று கத்தினேன். வந்தது. வாசலில் மிளகைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. கழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலந்துவிட்டது. பார்த்தும் நான் எழுந்திருக்கவில்லை.

மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது பலகையின் நினைவு வந்தது. துரப்பணத்தை எடுத்து வந்தேன். "முதுகுல ஒரு ஓட்டை போட்டா சரியாப் போயிரும். அதுக்கு வலை அடிச்சுட்டா எலியும் வராது. அப்புறம் ஒம்பதும் மூடும். பலகைய எறக்குங்க" என்றேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டையா? ஓட்டை போட்டீங்கன்னா இப்பவே வண்டிய எடுத்துருவேன் அண்ணி."

"மூடலீன்னாத்தான பலகை உனக்கு?"

"எனக்குப் பரணும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்கூட்டுக்கு இதே மாரி ஒண்ணு வேணும். இதே வியாதியோட வேணும்."

"உங்கூட்டு ஆசாரி செய்ய மாட்டாராக்கும்?" என்றார் அவர், காதிலிருந்து சாம்பலைத் தட்டியபடி.

"அவரு நல்லாச் செய்வாருண்ணா. இப்படிச் செய்ய மாட்டாரு."

இது பாராட்டா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு அலமாரி போக மீதிப் பலகை முழுக்க என் சுவருக்கு என்று பேசி முடித்தோம். அவள் அன்று எங்களோடேயே தங்கினாள். படுக்கப் போகும்வரை ஆளாளுக்குத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை எழுந்ததும் அடுப்பைக்கூட மூட்டாமல் மூன்று பேரும் வண்டிக்குப் போனோம். கயிற்றை அவிழ்த்து, பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி, நடுவில் குச்சி வைத்துக் கொட்டகையில் மறுபடி அடுக்கினோம்.