கண்ணில் கொண்டுபோன அரக்கு நிறம்

காரைக்குடி நூல்கடையில் நேற்று, "சாம்பிள் துணி கொண்டாந்தீகளாக்கா?" என்று கடையில் நின்ற பெண் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. பத்து வயதில் தொடங்கிய எரிச்சல் அது.

அம்மா ரவிக்கை தைப்பாள். ஒருநாள் சாயங்கால பஸ்ஸில் திருப்பத்தூர் கல்யாணத்துக்குப் போகவேண்டிய அத்தையின் அரக்குத் துணி மெஷினில் கிடக்க, நூல் தீர்ந்துவிட்டது. துணியில் ஓர் ஓரத்தை நறுக்கித் தர அம்மாவுக்கு மனம் வராது. "நல்லாப் பாத்துக்கிட்டு ஓடு" என்றாள்.

வழியெல்லாம் அந்த நிறம் கண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. கடைக்காரர் வகைவகையாகச் சிவப்பு நூல்கண்டுகளைப் பரப்பியதும், எது நான் கொண்டுவந்த நிறம் என்றே தெரியவில்லை. முதல்முறை செங்கல் நிறம் வாங்கிவந்தேன், மறுமுறை மாதுளை நிறம்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

"அப்ப நீயே போயி வாங்கிட்டு வா."

அம்மா போனாள். அவள் கொண்டுவந்தது குங்குமச் சிவப்பு.

அத்தை மூன்று கண்டுகளையும் பார்த்தாள். "அடுத்து யாரை அனுப்பப் போறீக, மதினி? இதுல ஒண்ணைப் போட்டுத் தைங்க. நான் முந்தானையைப் போத்திக்கிறேன்."

நேற்று நான் தேடிப்போனது பச்சை நூல். "துணி இல்லம்மா, பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றேன். அவள் பெட்டி பெட்டியாகப் பச்சையை எடுத்துப் பரப்பினாள்.