வெளுத்த கைகள்

1966 ஜூலை 11, திங்கட்கிழமை. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் வழக்கம்போல் முதல் மணிக்கு முன் கைச்சுத்தச் சோதனை நடந்தது. மாணவர்களிடம் நல்ல பழக்கம் வளரட்டும் என்று வகுப்பாசிரியரான நான் தொடங்கியது அது. ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சொல்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பு செல்வியின் கை எப்போதும் நீலமாக இருக்கும். பள்ளி விட்டதும் தாயோடு சாயப்பட்டறையில் துணி முக்கும் பெண்.

"இன்னைக்கும் மயிலுதானுங்க சார்," என்று பக்கத்துப் பெண் சிரிப்பாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவோணும் கண்ணு," என்பேன் நானும்.

அன்று கை வெளுத்திருந்தது. எல்லோருக்கும் காட்ட, பாராட்டியபடியே அதைப் பிடித்துத் தூக்கினேன். துடித்துப்போனாள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"துணி வெளுக்கிற பவுடர் தண்ணியில கைய ஊற வெச்சேனுங்க சார். சாயம் போயிருச்சுங்க."

மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். மாலையில் அவள் வீட்டுக்குப் போய், இனிமேல் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். தாய் என்னைத் திட்டவில்லை.

"கை ஆறுனதும் அவ வந்துதான் ஆகோணுங்க. என் ஒருத்தி கூலியில ஊடு நடக்காதுங்க."



மறுநாள் காலை முதல் வேலையாக அந்தச் சோதனையை நிறுத்தினேன். அதை மட்டுமே என்னால் நிறுத்த முடிந்தது.