உடும்புப்பிடி வீடு

எங்கள் வீட்டில் அப்பாவோ தம்பியோ நானோ எதையாவது இறுகப் பிடித்தால் உடனே விட வராது. விரல்கள் பூட்டிக்கொள்ளும், மெல்லத்தான் பிரியும். உத்திரமேரூரில் எங்களுக்கு 'உடும்புப்பிடி வூடு' என்று பெயர். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சித்தப்பாவுக்கும் அதே பிடிதான். குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்கப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு கட்டையாக விறைத்து, தாடை இறுகி, அப்படியே போய்விட்டார். வெளியூர்க்காரர்களிடம் மட்டும் பாம்பு கடித்தது என்று சொல்லிவந்தோம். பாம்புக்கடி வம்சத்தில் ஒட்டாது.

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம், பத்து வயதுத் தம்பிக்கும் அதே குடலிறக்கம். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எனக்குத் தாமலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையின் அப்பா சாத்துக்குடிப் பையோடு வந்து எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷர். அன்றைக்கு மட்டும் வராமல் இருந்திருக்கலாம்.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் தம்பியிடம் கையை நீட்டி, "கெட்டியா பிடி" என்றார். பிடித்தான். "விடு" என்றார். விட வரவில்லை. டாக்டர் அப்பாவைப் பார்த்தார்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா? மயக்க மருந்துல யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்க வம்சத்துல அப்டி யாரும் கெடையாதுங்க. பையன் பயந்துகினு கீறான்."

முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறாவது வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் டாக்டரின் விரலை இறுகப் பிடித்தேன். அதன் பிறகு நானே நினைத்தாலும் விட முடியாது. பிடித்தபடியே சொன்னேன்: "எங்க சித்தப்பாவப் பாம்பு கடிக்கலீங்க. மயக்க மருந்துலதான் செத்தாரு."

மாப்பிள்ளையின் அப்பா சாத்துக்குடிப் பையை மடியிலிருந்து தரையில் இறக்கினார்.

டாக்டர் மயக்க மருந்தை ஒதுக்கிவிட்டார். மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு, தம்பி முழித்திருக்கும்போதே வேலையை முடித்தார்கள். தள்ளிக்கொண்டு வந்தபோது அவன், "நைனா, உள்ள பல்லி ஒண்ணு கீது. அதையே பாத்துக்கினு இருந்தேன்" என்றான்.

அப்பா எல்லோருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்தார். இரண்டு கைகளும் பூட்டிக்கொண்டன. மாப்பிள்ளையின் அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அவர் வந்தது சைக்கிளில்.

சாத்துக்குடி எங்களிடமே தங்கிவிட்டது. தம்பியின் விரல்கள் தளர்ந்தன, அப்பாவுடையதும் தளர்ந்தன. வெகு நேரம் ஆகியும் அப்பா கையை எடுக்கவில்லை.