மாட்டுக் காலில் ஒரு வாட்ச்

அவனியாபுரத்தில் சிவபாண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் என்பதால் பாதிப் பேருக்குத் தெரியும். வாலிபத்தில் வாடிவாசலில் மாடு பிடித்தவர் என்பதால் மீதிப் பேருக்குத் தெரியும். கொம்பைக் கண்டு ஒருநாளும் ஒதுங்காத ஆள் என்று டீக்கடையில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணீர் என்றாலே உதறல் என்பது அவர் மனைவி செல்லக்கிளிக்குக்கூடத் தெரியாது. கட்டிய மனைவிக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஒன்றை மறைத்து வைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அந்தச் சாமர்த்தியத்துக்கு இந்த வருஷம்தான் சோதனை வந்தது. சித்திரை வெயிலில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, சவாரிக்கு வந்தவர்களே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், மாத்திரை மட்டும் போதாது, உடம்பு அசைய வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். நடக்கலாம் என்றால், எந்தக் காலத்திலோ மாடு முட்டிய முழங்கால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் வீங்கிக்கொள்கிறது.

மகள் பவதாரிணி கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள். "முட்டி வலிக்கு நீச்சல மிஞ்சி ஒன்னு கிடையாதுப்பா" என்று சொல்லி, ஒரு நீச்சல்குளத்தில் காலை பேட்ச்சில் அவரைச் சேர்த்துவிட்டாள். கையில் ஒரு வாட்சும் கட்டிவிட்டாள். எத்தனை மீட்டர் நீந்தினார், நாடி எப்படித் துடித்தது என்பதெல்லாம் அவர் போன் வழியாக அவள் போனுக்குப் போய்விடும். சிவபாண்டியைக் கேட்டால், வீட்டில் வேவு பார்க்க ஆள் வைத்த மாதிரி என்பார்.

முதல் நாள் போனார். தொப்பியும் கண்ணாடியும் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீன்குஞ்சாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் பீமாராவ், "வாங்க சார், ஏணியப் பிடிச்சு மெதுவா இறங்குங்க" என்றார். சிவபாண்டி ஏணியைப் பிடித்தார், தண்ணீரைப் பார்த்தார். "இந்தா வாரேன்" என்று சொல்லி ஆட்டோவுக்குத் திரும்பியவர், அதன் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

தினமும் காலையில் துண்டோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தது. அவருடைய மச்சினன் மொக்கைச்சாமி, பொங்கல் ஜல்லிக்கட்டுக்காகத் தன் காளையை அங்கேதான் நீச்சலுக்கு விடுவான். மாட்டுக்கு மூச்சுப் பிடிக்கவும் தொடை இறுகவும் நீச்சல்தான் பயிற்சி. பவதாரிணியோ சாயங்காலம் ஆனால் போன் போட்டு, "இன்னைக்கும் நீந்தலையாப்பா, ஒன்னுமே காட்டலயே" என்று கேட்கிறாள். சாக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோன ஒரு காலையில், தண்ணீரில் இறங்கப்போன காளையைப் பார்த்தார் சிவபாண்டி. தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மாப்ள, இத அது கால்ல கட்டுனா என்ன?"

"விளையாடுறீகளா மச்சான்?"

"நீ கட்டு."

சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, வாட்சை முன்னங்காலில் கட்டினார்கள். போன் கரையில் ஆட்டோவுக்குள் கிடந்தது. காளை இறங்கி, அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்தது.

அன்றைக்கு மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அறுநூறு மீட்டராப்பா? என்கிட்ட வர்ற சின்னப் பையங்களே அம்புட்டு நீந்த மாட்டாங்களே."

"பழகிருச்சு பாப்பா."

"நாடித்துடிப்பு மட்டும் வரல. வாட்ச லூசாக் கட்டுறீங்களா?"

"கொஞ்சம் லூசுதான்."

நீந்தி அலுத்து வருகிறவருக்கு என்று செல்லக்கிளி எலும்புச்சாறு வைத்துக் கொடுத்தாள். நீந்தியது காளை, குடித்தது இவர். வயிறு முன்னைவிடக் கொஞ்சம் முன்னுக்கு வந்தது. பவதாரிணி கிளினிக்கில் வருகிற போகிறவர்களிடமெல்லாம், ஸ்டென்ட் வைத்த தன் அப்பா நீந்துகிற நீச்சலைப் பற்றிச் சொல்லிப் பூரித்துப்போனாள். அவள் பூரிப்பு கூடக்கூட இவருக்கு உறுத்தலும் கூடியது. கூச்சமும் பயமும் சேர்ந்து, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கிடந்தார்.

கார்த்திகையில் மறுபரிசோதனை. மகள் தன் போனைக் காட்டினாள், டாக்டருக்குச் சந்தோஷம். "எடைதான் இன்னும் குறையல. ஆனா இவ்வளவு நீந்துறீங்க. இப்படியே போனா அடுத்த மாசம் மாத்திரையக் குறைச்சுப் பார்க்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு இன்னும் அடங்காமல் உட்கார்ந்திருந்தார் சிவபாண்டி. மாத்திரையைக் குறைத்தால் உயிருக்கு உலை என்று அவருக்கே தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மாட்டின் முன்னால் நிற்கிற துணிச்சல் எல்லா இடத்திலும் கைகொடுக்காது போலிருக்கிறது.

கடைசியில் அந்த வாட்சே காட்டிக்கொடுத்தது. ஒருநாள் கரையேறிய காளை எதற்கோ மிரண்டு துள்ள, ட்யூப் அறுந்து வாட்ச் எங்கோ போய் விழுந்தது. மாட்டைப் பிடிக்கும் மும்முரத்தில் மொக்கைச்சாமி அதைக் கவனிக்கவில்லை, அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சிவபாண்டி கரைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தார். கட்டியிருக்கிறவர் கீழே விழுந்துவிட்டார் என்று தோன்றினால் "நலமா?" என்று கேட்கும் ஏற்பாடு அந்த வாட்சில் உண்டு. பதில் இல்லையென்றால் வீட்டாளுக்குச் செய்தி அனுப்பிவிடும். சேற்றில் கிடந்தபடி கேட்டுப் பார்த்தது. பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? செய்தி பவதாரிணிக்குப் போனது, கண்மாய் இருக்கும் இடத்தோடு.

அவள் போட்ட போன் எல்லாம் ஆட்டோவுக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது. வேலையைப் போட்டது போட்டபடி ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு வந்தவள், கரையில் அப்பாவின் ஆட்டோவைப் பார்த்தாள். உள்ளே துண்டு கிடந்தது, போன் கிடந்தது. எதிரே கண்மாய் முழுக்கத் தண்ணீர். "அப்பா" என்று அவள் போட்ட சத்தத்தில், சிவபாண்டி கையில் கடித்த வடையோடு கரை ஏறி ஓடிவந்தார்.

அவள் முதலில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். துடிப்பது நிச்சயமான பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"வாட்ச் எங்கப்பா?"

"மாட்டுக் கால்ல."

"எந்த மாட்டுக் கால்ல?"

எல்லாவற்றையும் சொன்னார். முந்தின நாள் வரை காட்டிய மீட்டர் எல்லாம் மாமாவின் காளை நீந்தியது என்று தெரிந்ததும் அவள் வையவில்லை, சிரிக்கவும் இல்லை. "டாக்டர் மாத்திரையக் குறைக்கிறேன்னு சொன்னப்பவும் பேசாம உக்காந்திருந்தீங்களேப்பா. ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

சிவபாண்டி வடையைக் கீழே வைத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது பாப்பா. எங்க ஊர்ல கிணறு இருந்தவுக பிள்ளைக எல்லாம் கத்துக்கிட்டாக. நம்மாளுக வயல்ல வேல பாக்கலாம், கிணத்துல எறங்கக் கூடாது. ஒம்பது வயசுல ஒருநா, யாருமில்லன்னு எறங்கிட்டேன். அடிச்சாக. அது மறந்துபோச்சு. மறுநா மோட்டாரப் போட்டு அம்புட்டுத் தண்ணியவும் எறச்சு வெளிய விட்டாக. எங்கப்பன வரப்புல நிக்கவச்சுப் பாக்க வச்சாக. அதுலருந்து தண்ணியப் பாத்தாலே உடம்பு கூசும்." கண்மாயைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தார். "நீ சேத்துவிட்ட எடத்துல பெரிய வீட்டுப் பிள்ளைகளா நிக்குதுக. அதுக இருக்கிற தண்ணியில நான் எறங்கி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

அப்பாவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தவளுக்கு இது தெரியாது. ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம். அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் இருவரும் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். இறங்குவதற்கு முன் சிவபாண்டி பீமாராவைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போய், தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, அடுத்த பேட்ச்சுக்குத் தண்ணி மாத்துவீகளா?"

பீமாராவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதுக்கு சார் மாத்தணும்? அதே தண்ணிதான் எல்லாருக்கும். நீங்க தொப்பியப் போடுங்க" என்றார்.

சிவபாண்டி தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு ஏணிக் கம்பியை விடவே இல்லை. அடுத்த நாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விட்டார். பக்கத்தில் நின்ற வாண்டு ஒன்று, "அங்கிள், மூக்கால விடுங்க" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. உண்மையைக் கேட்ட டாக்டர் வாங்குவாங்கென்று வாங்கினார், மாத்திரை எதுவும் குறையவில்லை. செல்லக்கிளி எலும்புச்சாற்றை நிறுத்தினாள். வாட்சை மொக்கைச்சாமி சேற்றைக் கிளறி எடுத்துவந்து கொடுத்தான். கண்ணாடியில் ஒரு கீறலோடு அது நன்றாகத்தான் ஓடியது.

மார்கழிப் பனியில் ஒரு காலை. பீமாராவ் கரையோரமாகக் கூடவே நடந்துவர, சிவபாண்டி குளத்தின் இந்த முனையிலிருந்து கையை வீசினார். பாதியில் வாய் நிறையத் தண்ணீர் போனது, கால் தரையைத் தேடியது. தரையில் வைக்கவில்லை. எப்படியோ உதைத்து, அடித்து, எதிர்ச்சுவரைக் கையால் தொட்டுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தபோது நெஞ்சு வலிக்கவில்லை. சந்தோஷம்தான் நெஞ்சை அடைத்தது.

உடை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"அப்பா, இருபத்தஞ்சு மீட்டர் காட்டுது."

"ம்."

"நாடித்துடிப்பும் வருது. நீங்கதானப்பா?"

"நான்தான் பாப்பா" என்றார் சிவபாண்டி. அவள் மறுபடி கேட்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னார். "நான்தான்."